மெத்தைக்கு அடியில் இருந்த இரும்பு

சென்னை விமான நிலையத்தில் என் பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டார்கள். கைப்பையில் வைத்திருக்கக் கூடாதாம். வளைகுடாவில், அல் ஐனில் இருந்த மகள் என்னிடம் கேட்டிருந்த ஒரே பொருள் அதுதான். மனைவி இறந்து நான்கு வருடம் ஆகியிருந்ததால் பேறுகாலத்துக்கு நான் மட்டுமே போனேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது.

மகள் கம்ப்யூட்டர் படித்தவள், பேய் பிசாசை நம்பாதவள். ஊரில் பிறந்த முதல் குழந்தை ஒன்பதாம் நாள் போய்விட்டது. நான்தான் கொண்டுபோய்ப் புதைத்தேன். அதன்பின் அவள் நம்பத் தொடங்கினாள். இந்தக் குழந்தையின் மெத்தைக்கு அடியில் இரும்பு இல்லாமல் கண்மூட மறுத்தாள்.

ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துச் சமையலறையில் முப்பத்தொரு சாமான்களைத் தொட்டுப் பார்த்தேன். கத்தரிக்கோலில் மட்டும் ஒட்டியது.

“அது துருப்பிடிக்காதுப்பா. துருப்பிடிக்காதது இரும்பே இல்ல.”

மருமகன் சாலை போடும் சைட்டில் இன்ஜினியர். “சைட்ல லாரி லாரியா கம்பி கெடக்கு, அப்பாவும் பொண்ணும் ஒரு துண்டுக்கு இந்தப் பாடு படுறீங்களே மாமா” என்று சிரித்தார். மறுநாள் டியூட்டி முடிந்து ஒரு சாண் நீளத் துருக்கட்டியோடு வந்தார். “மண்ணுக்குள்ள கெடந்துச்சு. இதைவிட ஒரிஜினல் எங்க கிடைக்கும்?”

அதை மெத்தைக்கு அடியில் வைத்ததும் குழந்தை தூங்கியது. மகளும் தூங்கினாள்.

நான்காம் நாள் விரிப்பு மாற்றும்போது அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். துருவின் மேல் துணி நெசவு பதிந்திருந்தது. துணி மக்கினாலும் துரு அதன் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். நகத்தின் அகலத்துக்குள் பதினான்கு இழைகள் எண்ணினேன். ஒரு முனை காம்புபோல் ஒடுங்கியிருந்தது. அது கத்தி.

முப்பத்துநான்கு வருடம் வரலாறு நடத்தியவன் நான். இரும்பு வந்துதான் காடு வயலானது, கொல்லனிடம் எல்லாரும் கைகட்டி நிற்க நேர்ந்தது என்று பாடம் சொல்லியிருக்கிறேன். நம் பக்கத்துப் பழைய கல்லறைகளைத் திறந்தால் இரும்பு இருக்கும். மகள் குடியிருந்த அந்த நாட்டிலோ வெண்கலம் வெகுகாலம் நீடித்தது. இரும்பு தாமதமாகத்தான் பரவியது. சிவப்புக் கல்லை உருக்கி வாளாக்குகிறவனைக் கண்டு மனிதர்கள் நடுங்கியிருப்பார்கள். பேயும் இரும்புக்கு நடுங்கும் என்ற எண்ணம் அந்த நடுக்கத்திலிருந்துதான் பிறந்திருக்க வேண்டும். இத்தனை சொல்லிக்கொடுத்தவனுக்கு, துணி சுற்றிய ஒரு கத்தியை யார் மண்ணுக்குள் விட்டுப்போவார்கள் என்று கேட்டுக்கொள்ளப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது மருமகனிடம் கேட்டேன். “அந்த இடத்துல வேற என்ன இருந்துச்சு மாப்பிள்ளை?”

“கல்லு வட்டமா அடுக்கியிருந்துச்சு மாமா. கொஞ்சம் எலும்பு. ஆட்டுக்குட்டின்னு ஃபோர்மேன் சொன்னாரு.”

“ஆட்டுக்குட்டிக்கு யாரு கத்தி வச்சுப் புதைப்பா?”

மகள் குழந்தையோடு வாசற்படியில் நின்றிருந்தாள். “அவ்வளவு சின்னதாவா இருந்துச்சு?” என்றாள்.

இரண்டு கைகளாலும் அளவு காட்டப் போன மருமகன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“எடுத்த இடத்துலயே வச்சிட்டு வாங்க.”

“அங்க கலாஸ்மா, முடிஞ்சுபோச்சு. மேல தார் போட்டாச்சு.”

அவள் உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“நம்ம பிள்ளைகூட இரும்பு வச்சீங்களாப்பா?”

“இல்லம்மா. துணி மட்டும்தான்.”

“அப்ப இத அங்க கொண்டுபோய் வைங்க. அந்தப் பிள்ளைக்கு இனிமே இடம் இல்ல. நம்ம பிள்ளைக்கு இரும்பு இல்ல.”

“இவனுக்கு?”

“இவனுக்கு நான் முழிச்சிருக்கேன்.”

இந்த முறை கைப்பையில் வைக்காமல் பெட்டிக்குள் போட்டனுப்பினேன். ஊர் திரும்பியதும் அதை எடுத்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனேன். குழந்தைகளைப் புதைக்கும் மூலையில் இரண்டு மழைக்காலம் எல்லா மேடுகளையும் சமமாக்கியிருந்தது. எது எங்கள் குழந்தை என்று தெரியவில்லை. தெரியாத இடத்தில் குழி தோண்டக் கை வரவில்லை. திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். மகள் ஃபோனில் கேட்டபோது, “வைக்கணும்மா” என்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

என் ஊர் கடலோரம். மணலில் வறண்டு கிடந்த இரும்பு இந்தக் காற்றில் வியர்க்கிறது. மேலெல்லாம் செந்நிறத் துளிகள் பூக்கின்றன. உள்ளே ஊறிய உப்பு ஈரத்தை இழுக்கிறது, அவ்வளவுதான். தினமும் அதைச் சுற்றியிருக்கும் துணியை மாற்றுகிறேன்.