ஸ்டீரிங் மூட்டில் ஒட்டுப்பால்

அம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயதில் லைசன் கிடைத்தது, மூன்றாவது முயற்சியில். முதல் தடவை மேட்டில் காடி, எங்கள் பக்கத்துப் பேச்சில் கார், பின்னால் உருண்டது. இரண்டாவது தடவை கம்பத்தை இடித்தது. மூன்றாவது தடவை பாஸானதும் நான் கேட்டேன்: "அந்த ஆபிசருக்கு ஒன்னப் பாத்துப் பாவமா, இல்ல பயமா?" கையிலிருந்த பையாலேயே முதுகில் ஒன்று வைத்தாள். படிவம் மூன்றோடு, ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பரீட்சையில் தோற்றவர்களைக் கேலி செய்ய எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. அதனாலேயே தவறாமல் செய்தேன்.

எங்கள் வீடு சுங்கை சிப்புட்டில். அம்மா ஈப்போவில் ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை பார்க்கிறாள். முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனால் அதற்குள் பிள்ளைகள் பசியாறும் நேரமே முடிந்துவிடும். அதனால் எங்கள் பழைய காடியில் தினமும் நான்தான் கொண்டுபோய் விட்டுவந்தேன். இந்த நேரத்தில் எனக்கு ஆயர் தாவாரில் லோரி வேலை கிடைத்தது. அங்கேயே தங்க வேண்டும், திங்கட்கிழமையே வரச்சொல்லிவிட்டார்கள். ஆக, திங்கட்கிழமையிலிருந்து அம்மா தனியாக ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்குப் பிடித்த அந்த வேலையை விட வேண்டும்.

காடியில் ஒரு கோளாறு இருந்தது. முன்பக்கம் இடது டயரைத் திருப்பினால் டொக் டொக் என்று சத்தம் வரும். ஸ்டீரிங் தண்டும் டயரும் சேருகிற இடத்தில் ஒரு குண்டு மூட்டு உண்டு, அது தேய்ந்திருந்தது. போன தீபாவளியிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் "நாளைக்குப் பாக்குறேன்லா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சனிக்கிழமைதான் புது மூட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காடி பழுது பார்க்கிற பெங்கெல் எல்லாம் அடைப்பு. சரி, நாமே கழற்றுவோம் என்று காலையில் டயரைக் கழற்றி, ஜேக் சரிந்தாலும் தாங்க அடியில் கட்டைகளை அடுக்கி, படுத்து உள்ளே போனேன்.

மூட்டின் மேல் ரப்பர் உறை கிழிந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அதைச் சுற்றி யாரோ கட்டுப் போட்டிருந்தார்கள். பழுப்பு நிறத்தில் நார் நாராக, ஒன்றின் மேல் ஒன்றாக அவ்வளவு நேர்த்தியாகச் சுற்றி, நெகிழிக் கயிற்றால் முடிந்திருந்தது. பிளேடால் கீறினேன். குப்பென்று புளித்த நாற்றம். தோட்டத்துப் பிள்ளைக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஒட்டுப்பால். பால்மரத்தில் வெட்டின கோட்டில் வடிந்து காய்ந்துகிடக்கும் ரப்பர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் மரங்களில் பால் எடுக்கக் கோடு வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவும், தோட்டத்தை எண்ணெய்க்கான செம்பனையாக்கும் வரை இருபது வருடம் அப்படி மரம் வெட்டியவள். அந்த முடிச்சும் எனக்குத் தெரியும். என் சாப்பாட்டுப் பொட்டலத்தில் தினமும் அவிழ்க்கிற முடிச்சு.

உறை கிழிந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். மகன் நாளை செய்வான் என்று காத்திருக்கிறாள். நாளை வரவே இல்லை. தனக்குத் தெரிந்த ரப்பரைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டாள். அந்த ரப்பரோ மழைத் தண்ணீரையும் தன் புளிப்பையும் உள்ளேயே பிடித்துவைத்து, இரும்பை ஒரே துருக்கட்டியாக ஆக்கிவிட்டது.

அவளிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். லைசன் எடுத்ததிலிருந்து எது கெட்டாலும், "நான் கை வெச்சா வெளங்காது" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். இதையும் சொன்னால் நாளைக்குச் சாவியைத் தொடமாட்டாள். வெட்டிய துண்டுகளைப் பேப்பரில் சுருட்டி, கழற்றி வைத்த டயருக்குப் பின்னால் தள்ளினேன்.

நட்டைத் தடுக்கிற சின்ன ஊசி தொட்டதும் உடைந்தது. நட்டு, ஸ்பானரில் குழாயை மாட்டித் தொங்கிய பிறகு அசைந்தது. மூட்டு மட்டும் தன் ஓட்டையை விட்டு வரமாட்டேன் என்றது. எண்ணெய் அடித்தேன். டீ குடித்தேன். மறுபடி எண்ணெய் அடித்தேன். அடியிலிருந்து சுத்தியலால் தட்டியதில் என் மூக்கில்தான் துரு விழுந்தது. சிலிம் ரிவரில் பெங்கெல் வைத்திருக்கிற கூட்டாளிக்குப் போன் போட்டேன்.

"எங்க தட்டுற மச்சான்?"

"மூட்டோட தலையிலலா."

"தலையில தட்டுனா அது பாட்டுக்கு நசுங்கும், வராது. அது சொருவியிருக்கிற ஓட்டை இருக்குல்ல, அந்தக் காது, அதப் பக்கவாட்டுல தட்டு. ஒரு பக்கம் பெரிய சுத்தியல அண்டக் குடுத்துட்டு மறுபக்கம் ஓங்கி அடி. நட்ட முழுசா எடுத்துராத, நுனியில நிக்கட்டும். தனியா செய்யாத, ஆள் வேணும்."

ஆள் என்றால் வீட்டில் ஒரே ஆள்தான். கூப்பிட்டேன். அம்மா கைலியைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

"என்னடா, ஒட்டுப்பால் நாத்தம் அடிக்குது?"

"என் வேர்வம்மா."

"ஒன் வேர்வை எனக்குத் தெரியாதா? இது அதவிட நல்லா இருக்கு."

சொல்லிக்கொண்டே டயருக்குப் பின்னால் கையை விட்டாள். பேப்பரைப் பிரித்தாள். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, குனிந்து துருப்பிடித்த மூட்டைப் பார்த்தாள்.

"இதனாலதான் கழல மாட்டேங்குதா?"

என்னிடம் எப்போதும் மூன்று பொய் தயாராக இருக்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

"ஆமாம்மா."

"பாத்தியா. நான் கை வெச்சா வெளங்காதுன்னு சொன்னேன்ல. வேலைய விட்டுர்றேன்யா. நீ நிம்மதியா ஆயர் தாவாருக்குப் போ."

எழுந்தாள். படுத்தபடியே அவள் கைலி ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல? ஒட்டியிருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சிரிப்ப."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். எத்தனை தடவை நான் சிரித்திருந்தால் அம்மா இப்படி மறைத்து மறைத்து ஒட்டியிருப்பாள் என்று காடிக்கு அடியில் படுத்துக்கொண்டு யோசித்தேன். மேலே என்ஜின் அடிப்பகுதியைப் பார்த்தபடி பேசுவது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

"ம்மா, நீ ஒட்டுனது தப்புதான். ஆனா ஒட்ட வெச்சது யாரு? ஒரு வருஷமா நாளைக்கு நாளைக்குன்னு சொன்னது யாரு? ஒக்காரும்மா. ஒரு ஆளு பத்தல."

கைலி ஓரத்தை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டாள். பிறகு உட்கார்ந்தாள். பெரிய சுத்தியலை நான் சொன்ன இடத்தில் அண்டக் கொடுத்துப் பிடித்தாள். நான் எதிர்ப்பக்கம் அடித்தேன். நாலு அடி, ஐந்து அடி.

"இது என்னடா அடி? கொசுவயா அடிக்கிற? குடு இங்க."

இடம் மாறினோம். அண்டக் கொடுப்பது நான், அடிப்பது அம்மா. முதல் அடி என் விரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. உயிர் போய் வந்தது. இரண்டாவது அடி சரியான இடத்தில். மூன்றாவது அடிக்கு டப் என்று துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். அம்மா சுத்தியலைப் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"ஐயோ, ஒடச்சிட்டேனா?"

"கழட்டிட்டம்மா!"

நம்பாமல் குனிந்து பார்த்தாள். மூட்டு, நட்டின் நுனியில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. விரலால் ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள், தொட்டில் ஆட்டுவது போல.

அதற்குப் பிறகு பெரிய சிரமமில்லை. பழைய மூட்டைத் தண்டிலிருந்து திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணவேண்டும். அதே அளவு சுற்றித்தான் புதியதை மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் டயர் கோணலாக நிற்கும். எண்ணும் வேலை அம்மாவுக்கு. பதினெட்டு என்றாள். புதியதை மாட்டும்போதும் அவளே எண்ணினாள், நடுவில் என்னை மூச்சு விடக்கூட விடாமல். எப்படியும் டயரைக் கடையில் நேராக்கித்தான் ஆக வேண்டும். பாலர் பள்ளிக்கு எதிரிலேயே அந்தக் கடை இருந்தது. திங்கட்கிழமை வேலை முடிந்ததும் போவதாக அம்மாவே சொன்னாள். "போவேன்" என்று அவள் சொன்னதை நான் கவனித்தேன். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சாயங்காலம் வீட்டு முன்னாலிருக்கும் லோரோங் சந்தில் நாலு தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தோம். டொக் சத்தம் இல்லை.

திங்கட்கிழமை விடிகாலையில் அவளோடு ஈப்போ வரை போய்விட்டுத் திரும்பலாம் என்று முன்சீட்டுக் கதவைத் திறந்தேன்.

"நீ வேணாம்."

"ஏம்மா?"

"நீ பக்கத்துல இருந்தா நான் ஒன் வாயத்தான் பாப்பேன். ரோட்டப் பாக்க மாட்டேன்."

"அப்ப மோட்டோவுல பின்னால வாரேன்."

"பின்னாலயும் வராத. கண்ணாடியில தெரிவ."

கதவை மூடினேன். காடி முனை வரை போய் நின்றது. என்ஜின் அணைந்தது. மறுபடி கிளம்பியது. மறுபடி அணைந்தது. பின்னால் வந்த மோட்டோக்காரன் ஹாரன் அடித்தான். அவனைத் திட்ட வேண்டும் போல இருந்தது. மூன்றாவது தடவை காடி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, சிக்னல் போட்டு, இடது பக்கம் திரும்பி மறைந்தது.

நான் மோட்டோவில் பையைக் கட்டிவிட்டு, கிளம்பாமல் படியில் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துப் போன் வந்தது.

"வந்துட்டேன்யா. பார்க்கிங் பண்ணிட்டேன்."

"நல்லா நிக்குதாம்மா?"

"ரெண்டு கோட்டுக்கு நடுவுல நிக்கல. கோட்டு மேல நிக்குது. பரவால்ல, யாரும் சொல்லல. கஞ்சி வெக்கணும், புள்ளைங்க வந்துருவாங்க."

வைத்துவிட்டாள்.