ஞாயிறு காலை 9.31

"20.9.2025, சனி. காலை 7.40. அக்கா மகன் போனில். அமெரிக்க அதிபர் நேற்று கையெழுத்திட்ட விசா உத்தரவு அங்கே ஞாயிறு பிறக்கும்போது, 12.01க்கு அமல். நம் நேரம் ஞாயிறு காலை 9.31. கிளம்பச் சொன்னேன்."

அன்றைய நோட்டில் முதல் பதிவு இவ்வளவுதான். மணிக்கணக்கில் பிழை இல்லை. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம், குளிர்காலத்தில் பத்தரை. செப்டம்பர் அங்கே கோடைக் கணக்கில் சேரும். சந்தேகத்துக்கு 2001ஆம் வருட நோட்டையும் எடுத்துப் பார்த்தேன். நியூயார்க்கில் முதல் விமானம் மோதியது காலை 8.46, இங்கே மாலை 6.16 என்று செப்டம்பர் 11இல் எழுதியிருந்தேன். ஒன்பதரைதான். சரிபார்த்த பிறகே அவனுக்கு நேரம் சொன்னேன்.

இந்த நோட்டுகளை 1991 ஜனவரி 17இல், வளைகுடாப் போர் தொடங்கிய அன்று ஆரம்பித்தேன். அப்போது எனக்கு நீதிமன்றத்தில் மனுக்கள் வாங்கும் பிரிவில் வேலை. வருகிற ஒவ்வொரு மனுவிலும் கெடுவுக்குள் தாக்கலாகியிருக்கிறதா என்று நாள் எண்ணிப் பார்ப்பேன். எண்ணிப் பழகிய கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. 1998 மே மாதம் பொக்ரான் அணுகுண்டு சோதனைக்குப் பின் வந்த பொருளாதாரத் தடை, ஈராக் மீது குண்டு விழுந்த 2003 மார்ச் (வாஷிங்டனில் 19 இரவு, இங்கே 20 காலை), 2008இன் அணுசக்தி ஒப்பந்தம், ஒவ்வொரு நான்காம் வருடமும் ஜனவரி 20, எல்லாம் இரண்டு ஊர் நேரத்தோடும் அதில் இருக்கின்றன. அங்கே எடுக்கிற முடிவு நம் பக்கம் எப்போது வந்து சேர்கிறது என்று பார்க்கும் அரிப்பு, அவ்வளவுதான்.

மச்சானுக்கு, அதாவது அக்கா புருஷனுக்கு, இதில் பெரிய சிரிப்பு. வாடிப்பட்டிக்கு மேற்கே கால்வாய்ப் பாசனத்தில் அவருக்கு நெல்லும் தென்னையும். மதுரை தல்லாகுளத்தில் என் வீட்டிலிருந்து நான் பஸ் பிடித்துப் போய் இறங்கினாலே, "என்ன மாப்ள, அந்தாளு அங்கன கையெழுத்துப் போட்டா நம்ம மோட்டார்ல தண்ணி கூட வருமா?" என்பார். ஒரே மகன் வேலைக்காக அமெரிக்கா போன பிறகு சிரிப்பு மாறவில்லை, கேள்வி மட்டும் மாறியது. இன்றைக்கு அந்தாள் என்ன சொல்லியிருக்கிறார் என்று அவரே முதலில் கேட்க ஆரம்பித்தார்.

கடைசியாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தது 2025 ஆகஸ்ட் 27. இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்க வரி ஐம்பது சதவீதமாக ஏறிய நாள். அதுவும் அங்கே 12.01, இங்கே காலை 9.31. தோப்பில் கட்டிலைப் போட்டுக்கொண்டு அவர் என் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் தாண்டியதும் தென்னையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மணி ஆச்சு மாப்ள. ஒண்ணையும் காணமே" என்றார். அடுத்த வாரம், செப்டம்பர் 4, வியாழக்கிழமை, நெஞ்சுவலியில் இறந்துபோனார்.

மகன் வந்து சேர்ந்து கொள்ளி வைத்தான். மருமகள் வரவில்லை. அவளுடைய விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. வெளியே வந்தால் திரும்ப உள்ளே போக முடியுமோ என்ற பயத்தில் பள்ளிக்கூடம் போகும் மகளோடு அங்கேயே இருந்துவிட்டாள். மகனுக்கு முத்திரை ஜனவரி வரை இருந்தது. செவ்வாய்க்கிழமை 23ஆம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட் போட்டிருந்தான்.

கருமாதிக்கு நாள் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. பதினாறாம் நாள் 19, வெள்ளி. வெள்ளிக்கிழமை கருமாதி வேண்டாம் என்றார்கள். பங்காளிகளில் மூத்தவர் முன்னால் தள்ளி 17, புதன்கிழமையே முடித்துவிடலாம் என்றார். நான்தான் ஞாயிறு 21 என்று பிடித்தேன். ஆபீஸ் போகிறவர்கள் வர முடியும் என்பது நான் எல்லோரிடமும் சொன்ன காரணம். அன்றைக்கு மகாளய அமாவாசை, மச்சானுக்கு அப்படி ஒரு நாள் அமைகிறதே என்பது நான் சொல்லாத காரணம். தேதிகள் ஒன்றோடு ஒன்று பொருந்தினால் எனக்கு ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்காக ஒரு காரியத்தை நான்கு நாள் தள்ளிப் போட்டேன்.

எங்கள் பக்கத்துக் கருமாதியில் முக்கியமானது உருமால் கட்டு. அப்பாவை இழந்த மகன் மொட்டை போட்டுக் குளித்துவிட்டு வந்து பலகையில் உட்காருவான். தாய்மாமன் புதுத் துண்டை அவன் தலையில் உருமாலாகக் கட்டுவான். கட்டிய பிறகுதான் அந்த வீட்டுக்கு அவன் பெரியவன். அதுவரை வீடு யார் பொறுப்பிலும் இல்லாத மாதிரி ஒரு கணக்கு. தாய்மாமன் நான். துண்டு வாங்கித் தயாராக வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை வாடிப்பட்டி வீட்டிலிருந்து அவன் போன் செய்தபோது பேச்சில் மூச்சு வாங்கியது. அவன் வைத்திருக்கிற எச்-1பி வேலை விசாவுக்கு இனி ஒரு லட்சம் டாலர் கட்டணமாம். வெளிநாட்டில் இருப்பவர்கள் கெடுவுக்குள் உள்ளே வந்துவிட வேண்டும் என்று கம்பெனி மெயில் அனுப்பியிருந்தது. தல்லாகுளம் டிராவல்ஸ்காரரிடம் அவன் ஏற்கெனவே கேட்டுவிட்டான். மதுரையிலிருந்து சென்னை, அங்கிருந்து வளைகுடா, வளைகுடாவிலிருந்து அமெரிக்கா. இறங்குவது அங்கே சனி இரவு 11.10. ஐம்பத்தொரு நிமிடம் மிச்சம். ஒரே ஒரு சீட்டுதான் இருந்தது, அதைப் பத்து நிமிடம் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

"மாமா, நீங்க சொல்லுங்க. நாளைக்கு உருமால் கட்டிட்டு கிளம்புனா என்ன ஆகும்?"

"கெடு தாண்டிரும் மாப்ள."

"அப்ப அப்பா காரியம்?"

மனுவைக் கெடுவுக்குள் போட்டுவிட்டால் குறை இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம், கெடு போனால் போனதுதான் என்று சொன்னேன். என்னிடம் வந்த குமாஸ்தாக்களிடம் காலமெல்லாம் சொன்னது. அதையே அவனிடமும் சொன்னேன். மொட்டைத் தலையும் உருமாலும் பிறகு திருத்திக்கொள்ளக்கூடிய குறை என்று எந்த தைரியத்தில் நினைத்தேன் என்று தெரியவில்லை.

அவன் கிளம்பிவிட்டான். அக்கா என்னோடு போனில் பேசவில்லை. மத்தியானம் நான் வாடிப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். துண்டு பையில் இருந்தது. பஸ்ஸில் இடம் கிடைத்ததும் செல்போனில் அந்த உத்தரவின் முழு வாசகத்தைத் தேடி எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். காலையில் நான் படித்தது கெடு இருந்த ஒரு வரியை மட்டும்.

இரண்டாம் பிரிவுக்கு வந்தபோது மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். வெளிநாட்டில் இருப்பவருக்காக மனு தாக்கல் செய்வதற்கு முன்னால், பணம் கட்டிய ஆவணத்தை முதலாளி வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று இருந்தது. மனு தாக்கல் செய்வதற்கு முன்னால். அவனுக்கான மனு எப்போதோ தாக்கலாகி, ஏற்கப்பட்டு, முத்திரையும் விழுந்துவிட்டது. இந்தக் கெடு அவனுக்கு இல்லை போலிருக்கிறதே. முதல் பிரிவு அப்படித் தெளிவாக இல்லை என்பதும் உண்மை. ஆனால் மனு என்ற சொல்லைப் பார்த்ததும் யாருடைய மனு, எப்போது போட்டது என்று கேட்பதுதான் என் உத்தியோகமாக இருந்தது. வேலையில் இருந்த நாளெல்லாம் அடுத்தவர் காகிதத்தில் கேட்டதை அன்று காலையில் கேட்கவில்லை.

வாடிப்பட்டியில் இறங்கியதும் அவனுக்குப் போன் செய்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். அது இன்னும் என் செல்போனில் இருக்கிறது: "மாப்ள, முழுசாகப் படித்தேன். இது புது மனுக்களுக்குத்தான் போலத் தெரிகிறது. உனக்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். அங்கிருந்தே திரும்பி வந்துவிடு. காலையில் அவசரப்பட்டுவிட்டேன்." அனுப்பியது 4.50. ஒரு டிக் விழுந்தது. 5.22க்கு இரண்டு டிக். அவன் வளைகுடாவில் இறங்கி செல்போனைப் போட்டுவிட்டான் என்று அர்த்தம். அடுத்த விமானம் நம் நேரத்துக்கு 6.40. அங்கிருந்து மதுரைக்கு நேராகவே விமானம் உண்டு, டிக்கெட் கிடைத்தால் காலையில் வந்துவிடலாம் என்று டிராவல்ஸ்காரரும் சொன்னார். போன் செய்துகொண்டே இருந்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. 6.40 தாண்டியது.

ஞாயிறு காலை எழுந்து பார்த்தபோது செய்தித் தளங்களில் புதுச் சேதி வந்திருந்தது. கட்டணம் புது மனுக்களுக்கு மட்டுமே, ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்கள் வழக்கம்போல் போய் வரலாம் என்று அமெரிக்க அரசே விளக்கம் கொடுத்துவிட்டது. நான் அதை அக்காவிடம் சொல்லவில்லை. சொல்வதற்குள் யாரோ செல்போனில் காட்டிவிட்டார்கள்.

பந்தலில் எல்லோரும் வந்துவிட்டார்கள். அமாவாசை, ஞாயிறு, ஆபீஸ் போகிறவர்களும் வந்திருந்தார்கள். நான் கணக்குப் போட்டபடியே கூட்டம். பலகை காலியாக இருந்தது. துண்டைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். மச்சான் படத்துக்கு உருமாலைக் கட்டிவிடலாம் என்றார் ஒருவர். இறந்தவருக்கு எதற்கு உருமால் என்றார் இன்னொருவர். வீடியோ காலில் அவனைக் கூப்பிட்டுப் பலகையில் செல்போனை வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அவன் எடுத்தால்தானே. அங்கே அவன் குடியேற்ற வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரம் அது.

புதன்கிழமையே வைக்கலாம் என்று சொன்ன மூத்த பங்காளி கடைசியில் என்னைப் பார்த்தார். "தலை இல்லாம உருமால எங்கிட்டுக் கட்டப் போறீக?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரி இருந்தது. எனக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மணியைப் பார்த்தேன். 9.31 ஆக ஒரு நிமிடம் இருந்தது. யாருக்கும் தெரியாமல் நான் மட்டும் அந்த ஒரு நிமிடத்தைக் கழித்தேன். பந்தலில் ஒன்றும் ஆகவில்லை. பந்தல்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஒண்ணையும் காணமே என்று மச்சான் சொன்ன குரல் காதில் கேட்டது.

படையல் போட்டு முடித்தார்கள். உருமால் கட்டு நடக்கவில்லை. அக்கா என் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கி, துண்டை எடுத்து மடித்துத் திரும்ப என் பையிலேயே வைத்தாள்.

"நாளும் நீதான் பாத்த. கெடுவும் நீதான் பாத்த. இதையும் நீயே வச்சுக்க தம்பி" என்றாள்.

பத்து மணிக்கு மேல் அவன் கூப்பிட்டான். 11.10க்கே இறங்கிவிட்டதாகவும், அதிகாரி ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டுவிட்டதாகவும் சொன்னான். முடிந்துவிட்டதா என்று கேட்டான். படையல் முடிந்துவிட்டது என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததும் நோட்டில் இருக்கிறது. டிசம்பரில், விசா கேட்பவர்களின் சமூக ஊடகக் கணக்குகளைச் சோதிக்கும் புது விதி வந்தது. சென்னையில் முத்திரைக்குக் கொடுத்திருந்த நேர்காணல்கள் மாதக் கணக்கில் தள்ளிப் போயின. முத்திரைக்காக வந்த பலர் திரும்ப முடியாமல் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். ஜனவரியில் இவனுடைய முத்திரையும் முடிந்தது. இப்போது அவனும் அவன் மனைவி போலத்தான். அங்கே இருக்கும்வரை வேலைக்கும் வீட்டுக்கும் குறைவில்லை. வெளியே வந்தால் எப்போது திரும்ப முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. தலைவருஷத் திதிக்கு வந்து கட்டிக்கொள்கிறேன் மாமா என்கிறான். எந்தத் தேதிக்கு என்று நான் கேட்பதில்லை. துண்டு என் பீரோவில், 2025ஆம் வருட நோட்டுக்குக் கீழே இருக்கிறது.

நான் அனுப்பிய அந்தச் செய்தியைப் பற்றி ஒரே ஒரு தடவை அவனிடம் கேட்டேன். அமெரிக்காவில் இறங்கிய பிறகுதான் பார்த்தேன் மாமா, வளைகுடாவில் ஒரே ஓட்டம், போனைப் பார்க்கவே நேரமில்லை என்றான். அதையும் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். ஆனால் மருமகள் அக்காவிடம் வேறு ஏதோ பேச்சில் சொன்னது ஒன்று இருக்கிறது. அன்று விமானம் ஏறப் போகிறேன் என்று அவளுக்கு அவன் வளைகுடாவிலிருந்து செய்தி அனுப்பினான். அவள் சொன்ன அந்த ஊர் நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றினால் மாலை 5.58. அதாவது என் செய்தி போய்ச் சேர்ந்து முப்பத்தாறு நிமிடம் கழித்து அவன் செல்போனைக் கையில் வைத்திருந்திருக்கிறான். அப்போது விமானம் கிளம்ப நாற்பத்திரண்டு நிமிடம் இருந்தது.

படித்துவிட்டு, அப்பாவின் பலகையா மனைவி மகளா என்று நின்று யோசித்து, பின்பு ஏறியிருக்கலாம். அப்படியென்றால் அந்த முடிவு அவனுடையது. நான் சொன்னதால் மட்டும் அவன் போகவில்லை என்றாகும், எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். படிக்கவே இல்லை என்றால் காலை 7.40இல் நான் சொன்ன 'கெடு தாண்டிரும்' என்ற இரண்டு சொற்கள்தான் அவனைக் கொண்டுபோய் அங்கே இறக்கின. படித்ததைக் காட்டும் நீல நிறம் அவனுக்கு அனுப்பும் செய்திகளுக்கு வராது, அதை அவன் தன் செல்போனில் எப்போதோ அணைத்து வைத்துவிட்டான். என் பக்கத்தில் இரண்டு டிக்கும் சாம்பல் நிறத்திலேயே நிற்கின்றன.

20.9.2025 பதிவின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: "6.40க்கு முன் செய்தியைப் படித்தானா? அவன் வாக்குமூலம்: இல்லை. உறுதி செய்யப்படவில்லை."