என் கணவரின் இரண்டாவது தலை

எழுபதுகளின் தொடக்கத்தில், எங்களுக்குக் கல்யாணமாகி வந்த இரண்டாவது பொங்கலுக்கு, என் கணவர் நாடகத்தில் இரட்டை வேடம் போட ஒப்புக்கொண்டு வந்தார். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவின் இளம் நெசவாளர்கள் வருஷாவருஷம் நடத்தும் நாடகம் அது. அண்ணன் யோக்கியன், தம்பி திருடன். இரண்டு பேரும் இவரே. கடைசிக் காட்சியில் இருவரும் கட்டிப்பிடித்து ஒன்றுசேர வேண்டும்.

“மேடையில எப்படிங்க ரெண்டு பேரா நிப்பீங்க?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தான் உன்னக் கட்டிக்கினேன்,” என்றார்.

நான் கொலு பொம்மை செய்யும் வீட்டில் பிறந்தவள். அச்சு எடுக்கத் தெரியும். இவர் முகத்தை அச்செடுத்து முகமூடி செய்து, கடைசிக் காட்சியில் இன்னொருவருக்கு மாட்டிவிடுவதுதான் இவர் திட்டம். ஆனால் காகிதக்கூழில் செய்தால் பொம்மை முகமாகத்தான் இருக்கும், தோல்போல மடங்காது. மெட்ராஸில் பலூன் பட்டறையில் வேலை பார்த்த இவருடைய கூட்டாளி ஒருவர், ரப்பர் பாலில் செய்யலாம் என்று யோசனை சொல்லி, ஒரு கேன் நிறையக் கொண்டுவந்தும் கொடுத்தார். முகமூடியை மாட்டிக்கொண்டு தம்பியாக வந்து நிற்பதும் அவர்தான் என்று முடிவாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரைப் பாயில் படுக்கவைத்து, புருவத்துக்கும் மீசைக்கும் எண்ணெய் அப்பி, மூச்சுவிட மூக்கில் பப்பாளிக் காம்பைச் செருகி, மாவுக்கட்டுக்குப் போடும் மாவைக் குழைத்து முகத்தில் ஊற்றினேன். மாவு இறுகும்போது சூடேறும் என்று சொல்ல மறந்துவிட்டேன். அவர் காலை உதைத்த சத்தத்தில் மாமியார் ஓடிவந்தார்.

“இன்னாடி பண்ற எம் புள்ளய?”

“நாடகத்துக்கு அத்தை. இன்னும் பத்து நிமிஷந்தான்.”

 மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். “பொறந்ததுலருந்து இவன் வாய மூடிக்கினு இருந்து இப்பதான் பாக்கறேன்,” என்றார். கணவரின் வயிறு மட்டும் குலுங்கியது.

அந்த அச்சில் தாமல் ஏரிக் களிமண்ணை அழுத்தி முகத்தை எடுத்தேன். காது, பின்னந்தலை, கழுத்தெல்லாம் கையாலேயே வனைந்தேன். மூடியிருந்த கண்களையும் திறந்துவிட்டேன். அந்தத் தலைக்கு முன்னும் பின்னுமாக இரண்டு அச்சு எடுத்து, சேர்த்துக் கட்டி, உள்ளே ரப்பர் பாலை ஊற்றிச் சுழற்றினேன். நெடியில் கண்ணீர் கொட்டியது. முதல் தடவை பொறுமையில்லாமல் மறுநாளே உரித்தேன். மூக்கு அச்சிலேயே தங்கிவிட்டது. அடுத்த தடவை நாலு நாள் காயவிட்டு, முகப்பவுடர் தூவித் தூவி உரித்தேன். ரப்பர் பாலிலேயே வண்ணப்பொடி கலந்து பூசினேன். என் சவுரியைக் கத்தரித்துத் தலைக்கும் மீசைக்கும் ஒட்டினேன். தட்டில் வைத்துப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

நாடகத்துக்கு இரண்டு நாள் முன்பு கூட்டாளி வந்தார். முகமூடி அவர் காதுக்குக் கீழே இறங்கவில்லை. ரப்பர் காயக் காயச் சுருங்கும் என்பது எனக்குத் தெரியாது.

“பலூன் பட்டறையில இருக்கறீங்க, உங்களுக்குக்கூடத் தெரியாதாண்ணா?” என்று கேட்டேன்.

“பலூன் சுருங்குனா யாருமா பாக்கறாங்க? ஊதிக்கினு போயிடறாங்க,” என்றார்.

தெருவில் எந்த ஆண் தலைக்கும் அது சேரவில்லை. எங்கே பிடிக்கிறது என்று பார்க்க, கூந்தலை இறுக்கிச் சுற்றிக்கொண்டு நானே மாட்டினேன். வழுக்கிக்கொண்டு இறங்கிக் கச்சிதமாக உட்கார்ந்தது. கணவர் தன் சட்டையையும் வேட்டியையும் எடுத்து நீட்டினார். உள்ளே போய் உடுத்திக்கொண்டு, அவரைப் போலவே தோளைச் சாய்த்து நடந்து வந்தேன். எதிரே வந்த மாமியார், “டேய், சாப்புட்டுட்டுத் தறியில உக்காருடா,” என்றார்.

“யாரம்மா கூப்புடற?” என்று பின்னாலிருந்து கேட்டார் கணவர்.

மாமியார் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “பொம்பள வேஷத்தையே ஆம்பளைங்க கட்டறீங்க. இவளே போவட்டும். நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்,” என்றார்.

பொங்கலன்று மாலை, கடைசிக் காட்சியில் நான் மேடையேறியதும் கூட்டம் எழுந்து நின்று பார்த்தது. பிறகு விசில் பறந்தது. “தம்பி,” என்று தழுதழுத்தபடி கணவர் என்னைக் கட்டிக்கொண்டார். என் காதருகில், “கம்மலக் கழட்டலியா நீ? கன்னத்துல குத்துது,” என்று முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க அடக்கத் தோள் குலுங்கியது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வது முகமூடியின் கண்துளை வழியே தெரிந்தது.

மறுநாள் குழாயடியில் எதிர்வீட்டு அக்கா என்னைக் கடிந்துகொண்டார்.

“ஏம்மா நீ வரல? அந்தத் தம்பியா வந்தானே, யாரு பெத்த புள்ளயோ, என்னா அழுகை அழுதான் தெரியுமா?”

“வீட்ல வேலக்கா,” என்று சொல்லிவிட்டு, குனிந்து குடத்தைத் தூக்கிக்கொண்டேன்.