முச்சந்தியில் வைத்த பூசணிக்காய்

எண்பதுகளின் நடுவில், ஐப்பசி மாதம், தீபாவளிக்கு இன்னும் பத்து நாள் இருந்த சமயம். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் வழியில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஐந்து வீடு, ஒரே கூரை. எல்லாருக்கும் பொதுவாக முச்சந்தியில் ஓர் அடிபம்பு. என் வீட்டுக்காரருக்கு மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. நான் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆறு பேருக்கு டியூஷன் எடுத்தேன். அதனால் எல்லாருக்கும் நான் ‘டீச்சரம்மா’. அந்தப் பட்டத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்!

அந்த வரிசையில் நாங்கள் மட்டும்தான் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். நானோ சின்ன வயதிலிருந்தே கன்னியர் மடத்து ஹாஸ்டலில் வளர்ந்தவள். செய்வினை, அதை எடுத்து முச்சந்தியில் போடும் கழிப்பு என்பதெல்லாம் காதில் விழுந்திருந்ததே தவிர, அதற்கு நிஜமாகவே பயப்படுகிறவர்களோடு பழகியது கிடையாது.

என் வீட்டுக்காரர் வேலை செய்த இடத்துக்கு வெளிநாட்டு மிஷின்கள் மரப்பெட்டியில் வந்து இறங்கும். மிஷின் ஆடாமல் இருக்க உள்ளே பழைய பத்திரிகைத் தாள்களைத் திணித்திருப்பார்கள். வழவழவென்று கலர் கலராக இருக்கும் அந்தத் தாள்களைப் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட எடுத்து வருவார். அப்படி வந்த ஒரு தாளில்தான் அந்தப் படம் இருந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பூசணிக்காயில் கண், மூக்கு, பல் எல்லாம் வெட்டி, உள்ளே மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். கீழே இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்து, இது அந்த ஊரில் ஹாலோவீன் என்று ஒரு பண்டிகை என்று பெருமையாக விளக்கினேன்.

அன்று மழைக்காக ஸ்கூல் லீவு. பிள்ளைகள் மத்தியானமே வந்துவிட்டார்கள். பாடம் ஓடவில்லை. ஆளுக்கொரு பண்டிகைக் கதை சொல்ல ஆரம்பித்தார்கள். போகிக்கு மேளம் கொட்டிக் கை வீங்கிய கதை ஒருத்தன் சொன்னான். ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டையில் தொலைந்துபோய், போலீஸ்காரர் வாங்கிக் கொடுத்த ஐஸைத் தின்றுகொண்டு, அம்மா வந்து கூப்பிட்டும் போகமாட்டேன் என்று அழுத கதை ஒருத்தி சொன்னாள். நான் ஹாஸ்டலில் மூங்கில் குச்சியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டியதைச் சொன்னேன். கடைசியில், “டீச்சர், நாமளும் அந்தப் பூசணிக்கா பண்டிகை கொண்டாடலாமா?” என்று கேட்டார்கள்.

தொழிற்சாலையில் ஆயுத பூஜைக்கு வாங்கியதில் உடைக்காமல் மிஞ்சிய ஒரு வெள்ளைப் பூசணியை என் வீட்டுக்காரர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதை அறுத்தோம். சதையைத் தோண்டி மோர்க்குழம்புக்கு வைத்துக்கொண்டேன். படத்தில் இருந்த நிறம் வரவில்லையே என்று பிள்ளைகள் முகம் சுருங்கியது. அதற்கென்ன என்று மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பூசினேன். வாய் சிவப்பாக இருக்கட்டும் என்று ஒருத்தி குங்குமத்தை அப்பினாள். கண்ணுக்கு எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து வைத்தோம். “டீச்சர், கோயில்ல பலி போட்ற மாதிரி கீது” என்று ஒரு பையன் சொன்னான். “சும்மா இருடா, நல்லா இருக்கிறதைக் கெடுக்காதே” என்று அவன் வாயை அடைத்தேன்.

ரோட்டில் போகிறவர்களும் பார்க்கட்டும் என்று ஆறு மணி வாக்கில் அதை அடிபம்பு பக்கத்தில், முச்சந்தியில் கொண்டுபோய் வைத்தோம். மெழுகுவத்தி அணையாமல் எரிய மூடியை மட்டும் எடுத்து வந்துவிட்டோம். கைதட்டிப் பாட்டுப் பாடினோம். சடசடவென்று மழை பிடித்துக்கொள்ள, எல்லாரும் அவரவர் வீட்டுக்கு ஓடினோம். பூசணிக்காயை எடுக்க மறந்தே போனது. அன்று செவ்வாய்க்கிழமை வேறு. ஒரு மந்திரவாதியை உட்கார வைத்து யோசிக்கச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாகச் செய்திருக்க மாட்டான்!

மறுநாள் காலை ஆறு மணிக்கு வெளியே ஒரே கூச்சல். நாலாவது வீட்டு அக்கா அரை இருட்டில் தண்ணீருக்குப் போய், குடத்தோடு திரும்பும்போது அந்தப் பூசணிக்காயைத் தாண்டிவிட்டாள். முச்சந்தியில் கழித்துப் போட்டதைத் தாண்டினால் அது தாண்டியவர் வீட்டுக்குள் வந்துவிடும் என்பது அங்கே எல்லாருடைய நம்பிக்கையும். அவளுடைய நாலு வயதுப் பெண்ணுக்கு முந்தின ராத்திரியே லேசாகக் காய்ச்சல். திரும்பி வந்து தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதிக்கிறது. போதாதா?

“எந்தப் பாவி வெச்சானோ, அவன் கையி வெளங்காம பூட” என்று பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்து, நான்தான் வைத்தேன், அது விளையாட்டு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள், அதிலும் வேதக்காரர்கள், வீட்டுச் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டால் எங்கே போவது என்று பயந்தேன். பயந்ததோடு நின்றேனா? ஸ்கூலுக்குப் போக வந்த பிள்ளைகளைப் பின்பக்கமாகக் கூப்பிட்டு, “யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும்” என்று அவரவர் சாமி மேல் சத்தியம் வாங்கினேன். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எட்டு மணிக்கு அந்தக் காய்ச்சல் குழந்தையின் அப்பா ஏரிக்கு அந்தப்புறம் இருந்த ஒரு பூசாரியைக் கூட்டிவர சைக்கிளில் கிளம்பினார். பூசாரி வந்து கழிப்பை எடுக்கும்வரை குழந்தைக்கு ஊசி போடக்கூடாது, போட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, இரண்டு பேரும் வரவில்லை. நான் அடுப்பில் எதையோ வைப்பதும் இறக்குவதுமாக இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு அந்த வீட்டிலிருந்து ஓர் அலறல் கேட்டது. என் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

குழந்தைக்கு ஜன்னி வந்திருந்தது. கண் மேலே சொருகி, பல் கிட்டி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. சற்று நேரத்தில் அடங்கினாலும், தொட்டால் நெருப்பு. “அக்கா, உடனே ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாம், வாங்க” என்றேன். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு, “ஊசி போட்டா பூட்டுவா டீச்சரம்மா, கழிப்பு எட்த்தப்புறம்தான்” என்று அழுதாள்.

இனியும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. “அது கழிப்பு இல்லக்கா. நான்தான் வெச்சேன். பிள்ளைங்களோட விளையாட்டுக்கு வெட்டினேன். உள்ள இருந்ததை நாங்க மோர்க்குழம்பு வெச்சு சாப்பிட்டோம்” என்று கொட்டிவிட்டேன். அவள் நம்பவில்லை. “என் மனசு தேறணும்னு நீ சொல்றே” என்றாள். ஸ்கூலில் இருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஆறும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “எங்களுக்குத் தெரியாது” என்று ஒரே மாதிரி சொல்லின. “சொல்லுங்கடா, நான்தான் சொல்றேனே, உண்மையைச் சொல்லுங்க” என்று கத்தினேன். சாமி சத்தியம் ஆயிற்றே! ஒன்றாவது வாயைத் திறக்கவேண்டுமே!

என் பிள்ளையை டியூஷன் பெண் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஓடிக் குப்பைக் கூடையிலிருந்து பூசணி மூடியை எடுத்தேன். முச்சந்தியில் அந்தப் பூசணிக்காயைச் சுற்றி, யாரோ காவலுக்குப் போட்ட வேப்பிலையும் சாம்பலுமாகக் கிடந்தது. வெறும் கையால் அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, நின்றிருந்தவர்கள் இரண்டு பக்கமும் விலகி ஓடினார்கள். அந்த அக்காவின் வாசலில் வைத்து மூடியைப் பொருத்திக் காட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. அப்பாடா என்று நான் நிமிர்வதற்குள் கூட்டத்தில் ஒருத்தி, “அப்ப இவதான் வெச்சிக்கிறா. இன்னாத்துக்கு வெச்சாளோ, யாரு கண்டா?” என்றாள்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். உள்ளே அந்தக் குழந்தைக்கு மறுபடி உதடு துடிக்க ஆரம்பித்தது. இனி பேசிப் பயனில்லை என்று புரிந்தது. என் பிள்ளையைத் திரும்ப வாங்கி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “பாருங்கக்கா, என் பிள்ளையோட நான் தாண்டுறேன்” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, கால் எழவில்லை. மஞ்சளும் குங்குமமும் மழையில் வழிந்து, எலுமிச்சை கறுத்து, அது என்னை முறைத்துக்கொண்டு கிடந்தது. நானே வெட்டிய பூசணிக்காய். நானே வைத்த கண். ஆனால், சத்தியமாகச் சொல்கிறேன், ஒருவேளை அதில் நிஜமாகவே ஏதாவது இருந்துவிட்டால் என்று ஒரு எண்ணம் வந்தது. என் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. ‘இயேசுவே’ என்று தாண்டினேன். திரும்பி ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை, மூன்று முறை தாண்டினேன்.

“வேதக்காரிக்கு இன்னா, அவங்கள ஒட்டாது” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அதற்குள் அந்த அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். யாரையும் பார்க்காமல் மெயின் ரோட்டைப் பார்த்து ஓடினாள். நானும் பிள்ளையோடு பின்னாலேயே ஓடினேன்.

பஸ் எப்போது வருமோ தெரியாது. வந்த மணல் லாரிக்குக் குறுக்கே இரண்டு பேரும் பிள்ளைகளோடு ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றோம். திட்ட வாயெடுத்த டிரைவர், குழந்தையைப் பார்த்ததும், “ஏறும்மா, ஏறு” என்று கதவைத் திறந்துவிட்டார். வழியெல்லாம் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை. அந்த அக்கா என் பக்கம் திரும்பவில்லை. குழந்தையின் மார்பில் கையை வைத்து, மூச்சு ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். லாரி ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் டிரைவரே குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஈரத்துணியால் உடம்பெல்லாம் ஒற்றி எடுத்தார்கள். நாங்கள் வராந்தாவில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தோம். ஐந்து மணி சுமாருக்கு நர்ஸ் வந்து, ஜுரம் இறங்கிவிட்டது, குழந்தை தண்ணீர் கேட்கிறது என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அந்த அக்கா குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வெளியே வந்து, அப்போதுதான் என்னோடு பேசினாள். அடிப்பாளோ என்றுகூட நினைத்தேன். “நீ தாண்டும்போது உன் காலு நடுங்குச்சு. புள்ளையை அப்பிடிக் கெட்டியா புடிச்சிகினியே, உனுக்கும் பயம்தான். பயந்துகினே தாண்டினே பாரு, அப்பதான் நம்பினேன்” என்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, “பூசணிக்கா வெட்டினதுக்கு எனுக்குக் கோவம் இல்ல. காலையில நான் மண்ணை வாரித் தூத்திகினு நின்னேனே, அப்ப கதவாண்டதானே நின்னுகினு இருந்தே? அப்பவே சொல்லிக்கலாமே” என்றாள்.

கதவுக்குப் பின்னால் நான் நின்றது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அது கூடத் தெரியாமல், ஊருக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

மூன்றாம் நாள் குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. எங்களை யாரும் காலி பண்ணச் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக, செய்த தப்பை எடுத்த எடுப்பிலேயே சொல்லித் திட்டு வாங்குகிறவள் என்று என் வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள். காலை ஆறு மணியிலிருந்து மத்தியானம் பன்னிரண்டு மணிவரை என் பயத்துக்காக ஒரு குழந்தை காய்ச்சலில் வெந்துகொண்டிருந்ததை அவர்களுக்கு நான் சொன்னதில்லை, இன்றுதான் முதல் முறையாகச் சொல்கிறேன்.