பூசணம் பார்க்க வந்த பெண்

சுவருக்கு வெள்ளையடிக்கலாம் என்று பீரோவை நகர்த்தியபோதுதான் பூசணத்தைப் பார்த்தோம். என் அறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. ஐப்பசி மழைக்காலம், காவிரிக்கரை ஊர். குமாரபாளையத்தில் இதெல்லாம் அதிசயமில்லை. ஒரு துணியை நனைத்துத் துடைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் நான் ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்தேன். மகன் சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இது பக்கத்து ஊட்டு பாத்ரூம் தண்ணிதான்" என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டான்.

என் அறைக்கும் அந்தக் குளியலறைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த வீட்டில் ஒரு அம்மாள் தனியாக இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். நான் யாரிடமும் கலகலவென்று பேசுகிறவள் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் கடைசி இலையாகப் பார்த்து உட்கார்ந்து, சாப்பிட்டு வந்துவிடுவேன். அவளிடம் மட்டும் எனக்கு வாய் திறக்கும். மத்தியானம் ஆனால் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கீரை ஆய்வாள், இந்தப் பக்கம் நான் நிற்பேன். ஊர்க்கதை அரை மணி நேரம் ஓடும்.

மகன் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தான். அதிலிருந்து அவள் சுவர்ப்பக்கமே வருவதில்லை. பாத்ரூமை உடைத்துக் குழாயை மாற்ற வேண்டுமென்று இவன் சொல்ல, "ஒரு சொட்டு ஒழுகுதுன்னு காட்டுங்க, நானே ஒடைக்கறேன்" என்று அவள் கதவைச் சாத்திவிட்டாளாம். எனக்கு ஐந்து நாள் சோறு இறங்கவில்லை.

காட்டிவிடுவது என்று மகன் கோயமுத்தூரிலிருந்து ஆள் வரவழைத்தான். வீட்டுக்குள் வரும் பூசணத்தைச் சோதித்து, ஏன் வந்தது என்று எழுதித் தரவே ஆள் இருக்கிறார்களாம்.

"தொடைக்கறதுக்கு ஆளில்ல, பாக்கறதுக்கு ஆளு வாராங்க" என்றாள் மருமகள்.

யாரோ ஒரு ஆண்பிள்ளை என் அறைக்குள் நுழையப்போகிறான் என்று அடுப்படியில் ஒதுங்கி நின்றேன். வந்தது ஒரு பெண். பேண்ட், முழுக்கைச் சட்டை, முகத்தில் மாஸ்க், முதுகில் மூட்டை போல ஒரு பை.

முதலில் இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருந்த கருவி ஒன்றைச் சுவரில் அழுத்தி, எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். பிறகு ஒரு சின்ன டப்பாவை என் கட்டில்மேல் வைத்தாள். அது காற்றில் இருக்கிற ஈரத்தைச் சொல்லுமாம். பூசணத்தின்மேல் செலோடேப்பை ஒட்டி எடுத்து ஒரு கவருக்குள் போட்டாள்.

"லேபுக்குங்க" என்றாள்.

"அத்தைக்கு டெஸ்ட் எடுக்க மூணு வாரமா கூப்பிடறேன், வர மாட்டீங்கறாங்க. செவுத்துக்கு ஒரே நாள்ல எடுத்தாச்சு" என்றாள் மருமகள்.

அடுத்து அந்தப் பெண் பக்கத்து வீட்டுக்குப் போனாள். மகனும் பின்னாலேயே போனான். "அந்தப் புள்ள மட்டும் வரட்டும்" என்று குரல் கேட்டது. மகன் திரும்பி வந்தான்.

கால் மணி கழித்து வந்தவள், "செவுத்துக்குள்ள ஈரமே இல்லீங்க. அவங்க குழாயிலயும் ஒழுகலை. ஈரம் இந்த ரூம் காத்துல இருக்குது. பீரோ ஒட்டி நின்னதால அது பின்னாடி போய்ப் படிஞ்சிருக்கு" என்றாள்.

மகன் ஒத்துக்கொள்ளவில்லை. "வயசானவங்க ஒருத்தங்க படுக்கற ரூமுங்க. காத்துல ஈரம் எங்கிருந்து வரும்?"

"உள்ள துணி கினி காயப்போடுவீங்களா?"

"மாடியில கொடி கட்டியிருக்குதுங்க. எல்லாம் அங்கதான்."

எல்லாம் அங்கே இல்லை. சேலை மாடியில்தான் காயும். பாவாடையும் ரவிக்கையும் அப்படி இல்லை. எங்கள் மாடிக்கு எதிரே விசைத்தறிப் பட்டறை. டீக்குப் பத்து ஆண்கள் வெளியே வந்து நின்றால் எங்கள் கொடிதான் கண்ணுக்கு நேரே. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து என் பாவாடை மாடி ஏறியதில்லை. பீரோ கைப்பிடிக்கும் ஜன்னல் கம்பிக்கும் ஒரு கயிறு. அதில் பாவாடை, அதை மறைக்க மேலே ஒரு துண்டு. யாரும் வராத அறையில் யாருக்கு மறைத்தேனோ! ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும். விடிந்ததும் கயிற்றை அவிழ்த்துவிடுவேன். மழைக்காலத்தில் ஒரு பாவாடை காய மூன்று ராத்திரி ஆகும்.

"அப்ப காரணம் தெரியலைன்னு எழுதட்டுங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"எழுதுங்க. மேஸ்திரி நாளைக்கு வாராரு. அவங்க பாத்ரூமை ஒடைச்சாத் தெரிஞ்சுரும்" என்றான் மகன்.

அந்தப் பெண்ணின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்து, காதோரம் சொன்னேன்.

"சத்தமாச் சொல்லுங்கம்மா, எழுதோணும்."

"பாவாடை" என்றேன். என் குரலா அது! "பாவாடையை இங்கதான் சாமி காயப்போடறேன். தெனமும்."

மருமகள் சிரித்த சிரிப்பில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மகன் கூரையைப் பார்த்தான், ஃபேனைப் பார்த்தான்.

"இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?"

"மொதல்ல யாரு கேட்டா?" என்றேன்.

"செரி, அவங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

தெருவைச் சுற்றிப் போய் அவள் கதவைத் தட்டினேன்.

"ஏனுங்க்கா, கடப்பாரை கொண்டு வரலையா?" என்றாள். சிரிக்கவில்லை.

வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, துண்டு, மூன்று ராத்திரி, ஒன்றும் விடவில்லை. "மன்னிச்சுக்க அம்மணி, எம் பாவாடைக்கு உன்ற பாத்ரூம் ஒடஞ்சிருக்கும்" என்றேன்.

அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய், படுக்கையறைக் கதவைத் திறந்தாள். சாத்திய ஜன்னல். கம்பியில் கயிறு. கயிற்றில் ஒரு துண்டு, துண்டுக்கடியில் பாவாடை நாடா தொங்கியது. கட்டிலைக் காலால் தள்ளினாள். பின்னால் சுவர் கறுப்பும் பச்சையுமாக இருந்தது.

"உங்க ஊட்டு மோட்டார் தண்ணிதான் எறங்குதுன்னு நெனச்சேன். உங்க மூஞ்சிக்காகத்தான் வாயைத் தொறக்காம இருந்தேன்" என்றாள்.

நான் கிட்டப் போய் விரலால் தொட்டுப் பார்த்தேன். என் அறையில் இருந்த அதே பூசணம்தான்.

"அந்தப் புள்ள போயிருச்சாங்க்கா?"

"பையைக் கட்டிட்டு இருக்குது."

"சித்த நிக்கச் சொல்லுங்க. உங்க பையன் மட்டும் வர வேண்டாம்."