‘விடாதீங்க’ இல்லாத படகு

எங்கள் படகின் எஞ்சின்காரருக்குக் ‘காது’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஆள் பட்டியலில் மட்டும் இருந்தது. ஓடுகிற எஞ்சினில் ஒரு மரக்கட்டையின் முனையை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, எந்த சிலிண்டரில் எந்த வால்வு முனகுகிறது என்று சொல்லிவிடுவார். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். அந்தக் காதுதான் இரண்டு வருஷமாக வேலை செய்யவில்லை. படகில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும், அதாவது சுக்கான்காரருக்கும் எனக்கும், அது தெரியும். முதலாளிக்குத் தெரியாது. முந்தின வருஷம் கண் மங்கிப்போன ஒருவரை ஒரே வார்த்தையில் கரைக்கு அனுப்பிய மனிதர் அவர். காதண்ணனுக்கோ கரையில் ஒரு வேலையும் தெரியாது. வீட்டில் குழாய் ஒழுகினால்கூட அண்ணிதான் சரி செய்வார்.

நான் படகில் சமையல். சமையல் என்று பெயர்தானே தவிர, கயிறு இழுப்பது, தண்ணீர் இறைப்பது, கீழே எஞ்சின் அறையில் காதண்ணன் கேட்கிற சாமானை எடுத்துக் கொடுப்பது எல்லாம் என் தலையில்தான். என் கை சின்னது, மணிக்கட்டு மெலிந்தது. யார் கையும் போகாத சந்தில் என் கை போகும் என்பதால் அவருக்கு என்மேல் தனிப் பிரியம்.

எஞ்சின் ஓடும்போது அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. அந்தச் சத்தத்தில் எல்லோருமே செவிடுதான். கை ஜாடை, தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான் கீழே பேச்சு. எஞ்சின் நின்றால்தான் வம்பு.

விஷயம் எனக்குத் தெரிய வந்தது டைல்ஸ் பெட்டி இறக்கும்போது. கயிறு அவர் கையில், பெட்டி அந்தரத்தில். “விடாதீங்க அண்ணே” என்று கத்தினேன். விட்டுவிட்டார். பெட்டி சுக்குநூறு. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் சொன்னார். சொல்லின் தலையும் வாலும் காதில் விழுமாம், நடுவில் கரைந்துபோகுமாம். ‘விடாதீங்க’ அவரிடம் ‘விடுங்க’ என்றுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. நம் பேச்சில் ‘வேண்டாம்’ என்பது நடுவில்தானே ஒளிந்திருக்கிறது! அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை.

அன்றைக்கே சுக்கான்காரர் ஒரு சட்டம் போட்டார். இந்தப் படகில் இனி யாரும் விடாதீங்க, தள்ளாதீங்க, போடாதீங்க என்று வாயைத் திறக்கக்கூடாது. பிடிங்க, நில்லுங்க, இருங்க, அவ்வளவுதான். முதல் மாதம் நாக்கைக் கடித்துக்கொண்டே திரிந்தோம். பிறகு அது எனக்கு வீடுவரைக்கும் தொற்றிவிட்டது. என் மகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து அழுதபோது ‘அழாதே’ வாயில் வரவில்லை, “சிரி” என்றேன். என் மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

காதண்ணனும் சும்மா இருக்கவில்லை. மரக்கட்டையைக் காதிலிருந்து பல்லுக்கு மாற்றிக்கொண்டார். கட்டையின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். அதிர்வு தாடை வழியாக மண்டைக்குள் போய்ப் பேசுமாம். முன்னைவிடத் துல்லியமாகச் சொன்னார். பெயரைப் ‘பல்’ என்று மாற்றிவிடலாமா என்று நான் கேட்டதற்கு ஸ்பானரை ஓங்கினார்.

இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தோம். அந்த மத்தியானம் எஞ்சின் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நின்றது.

படகு நிறைய சிமெண்ட். காற்று எங்களைப் பாறைகள் இருந்த பக்கமாகத் தள்ளியது. நங்கூரம் போட்டும் பிடிக்கவில்லை, அடியில் உழுதுகொண்டே வந்தது. காதண்ணன் புகையைப் பார்த்த உடனே சொல்லிவிட்டார், எஞ்சின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் அடைப்பாக இருக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, சிலிண்டருக்குள் தண்ணீர். மாற்றுக் கேஸ்கெட் எங்களிடம் இல்லை. சுக்கான்காரர் ரேடியோவில் கூப்பிட்டதும் எங்கள் முதலாளியின் இன்னொரு படகு பின்னாலிருந்து வந்து சேர்ந்தது. அதிலும் அதே எஞ்சின், அதிலும் பாரம். அவர்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். இரண்டு பாரப் படகும் சேர்ந்து முன்னே போக முடியவில்லை, பாறைக்குப் போகிற வேகம் மட்டும் குறைந்தது. பாறையில் அலை உடைவது தெளிவாகவே தெரிந்தது. ஒரு மணி நேரம் தாங்கும் என்றார் சுக்கான்காரர். அவர் முகம் அரை மணி என்றது.

கேஸ்கெட்டோடு எங்கள் படகுக்குத் தாவியவர் அந்தப் படகின் எஞ்சின்காரர். அவருக்கு ‘வக்கீல்’ என்று பெயர். எதற்கும் வாதாடுவார். வாயில் ஒரு சேதியும் தங்காது. காலையில் அவர் காதில் விழுந்தது மத்தியானம் துறைமுகம் முழுக்க டீக்கடைப் பேச்சாகிவிடும். போதாக்குறைக்கு அவருடைய மச்சான் எஞ்சின் வேலை தேடிக்கொண்டிருந்தான். முதலாளியிடம் இரண்டு தடவை சொல்லியும் வைத்திருந்தார். நம் தலையெழுத்து, ஆயிரம் பேர் இருக்கும் கடலில் இவரா வந்து சேர வேண்டும் என்று நொந்துகொண்டேன்.

எஞ்சின் அறை ஒரு குளியலறை அளவுதான் இருக்கும். மூன்று பேர் நின்றால் நாலாவது ஆளின் மூச்சுக்கு இடமில்லை. போல்ட்டுகளைக் கழற்றி, எஞ்சினின் தலைமூடியான ஹெட்டைக் கயிற்றில் கட்டி, உத்தரத்துக் கப்பி வழியாகத் தூக்கினோம். ஒரு மூட்டை சிமெண்ட் கனம் இருக்கும். தூணுக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டவர் காதண்ணன். அங்கிருந்து அவருக்கு எங்கள் முகம் தெரியாது. வழக்கமாக அந்த இடத்தில் அவரை நிற்க விடமாட்டேன். அன்றைக்கு அவசரத்தில் கோட்டை விட்டேன்.

வக்கீல் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது ஒரு துண்டு சிலிண்டருக்குள் விழுந்தது. அது உள்ளே கிடந்தால் எஞ்சின் சட்னி. என்னைப் பார்த்தார். நான் கையை விட்டேன், முழங்கைவரை. தலைக்கு மேலே ஹெட் தொங்கியது. துண்டு விரலில் பட்டு வழுக்கியது. அந்த நேரம் பார்த்துப் படகு ஒரு உருட்டு உருட்டியது. ஹெட் ஆடியது.

வக்கீல் பதறிப்போய்க் கத்தினார். “விடாதீங்க!”

காதண்ணன் கயிற்றை விட்டார்.

கயிறு கப்பியில் சீறிய சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இரும்பு என் கைக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. வக்கீல் வெறுங்கையால் கயிற்றைப் பிடித்திருந்தார். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிருந்தது. துண்டை எடுத்துக்கொண்டு கையை உருவினேன். எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்வதற்கென்ன, காதண்ணன்மேல்தான் வந்தது. கை போயிருந்தால் நான் எதைக் கொண்டு சட்டி தூக்குவேன்? அவருடைய வேலையைக் காப்பாற்றப் போய் என் வேலையைத் தொலைத்திருப்பேன்.

வக்கீல் கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு, காதண்ணன் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாக ஏதோ கேட்டார். காதண்ணன் திரும்பவில்லை. மறுபடி கேட்டார். திரும்பவில்லை. வக்கீல் என்னைப் பார்த்தார். எனக்குப் பொய் வரவில்லை, தரையைப் பார்த்தேன். அதற்குள் காதண்ணன் தானாகவே திரும்பி, அவருடைய கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தார்.

“என் காது போய் ரெண்டு வருஷமாச்சு. விடுங்கன்னுதான் கேட்டுச்சு,” என்றார். “மொதலாளிகிட்ட சொல்லணும்னா சொல்லிக்கோ. முதல்ல இத முடிப்போம்.”

எதற்கும் வாதாடுகிற வக்கீல் இரண்டு கையையும் நீட்டினார். காதண்ணன் தன் தோள்துண்டைக் கிழித்துக் கட்டினார். அந்தக் கட்டுப் போட்ட கையோடு வக்கீல் கேஸ்கெட்டை வைத்தார், நான் கயிற்றைப் பிடித்து ஹெட்டை இறக்கினேன், காதண்ணன் போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக முறுக்கினார். மேலிருந்து சுக்கான்காரர் இரண்டு தடவை தளத்தைக் காலால் உதைத்தார். பாறை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எஞ்சின் மூன்றாவது தடவையில் பிடித்தது. காதண்ணன் கட்டையைக் கடித்துக் கண்ணை மூடினார். இரண்டாவது சிலிண்டரைக் காட்டி, வால்வைத் தள்ளுகிற டாப்பெட் லூஸ் என்று விரலால் ஜாடை செய்தார். வக்கீல் காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார். பிறகு மூடியைக் கழற்றித் தொட்டுப் பார்த்தார். லூஸாகத்தான் இருந்தது.

பாறையை விட்டு விலகி நிம்மதியான தண்ணீருக்கு வந்ததும் அந்தப் படகை ஒட்டி நிறுத்தினோம். வக்கீல் ஒரு வார்த்தை பேசாமல் தாவிப் போனார். அந்த வாய் மூடியிருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. கரைக்குப் போய்ச் சேர்கிறவரை சேர்த்து வைத்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். காதண்ணன் வீட்டைப் பற்றி, பள்ளிக்கூடம் போகிற அவருடைய இரண்டு பெண்களைப் பற்றி யோசித்தேன். அவர் மேலே வந்து என் பக்கத்தில் நின்று இழுவைக் கயிற்றில் கை வைத்தார். இரண்டு பேருமாகப் பிடித்துக்கொண்டோம்.

இழுவைக் கயிற்றை அவிழ்க்க வேண்டும். அவர்கள் பக்கத்து முடிச்சு கழன்று வருகிறவரை நாங்கள் விட்டுவிடக்கூடாது, விட்டால் அது அவர்களுடைய புரொப்பல்லரில் சுற்றிக்கொள்ளும். இந்த இடத்தில் எந்தப் படகுக்காரனும் ‘விடாதீங்க’ என்றுதான் கத்துவான். வக்கீல் பின்பக்கம் வந்து நின்றார். கட்டுப் போட்ட கையைத் தூக்கினார். வாயைத் திறந்தார், ‘வி’ என்று ஆரம்பித்தது எனக்குக் கேட்டது. அங்கேயே நிறுத்தினார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிறகு வாயை அகலத் திறந்து, காதண்ணனை நேராகப் பார்த்துச் சொன்னார்.

“பிடிங்க.”

காதண்ணனுக்கு, நடுவில் இருந்த காற்றிலும் எஞ்சின் சத்தத்திலும், ஒன்றும் விழவில்லை. என் தோளைத் தட்டினார்.

“என்னடா சொல்றான்?”

அவர் கையைக் கயிற்றோடு சேர்த்து இறுக்கினேன்.

“பிடிங்கன்னு சொல்றாருண்ணே.”