நங்கூரக் கயிற்றைத் தொட்ட காலை

மாதாவுக்கு நன்றி சொல்கிற இந்தக் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசிய நீங்கள் காய்ச்சல் இறங்கியதைச் சொன்னீர்கள். பிள்ளைக்கு வேலை கிடைத்ததைச் சொன்னீர்கள். கேட்கக் கேட்க மனது நிறைந்தது. என் சாட்சி அப்படி நேராகப் போகாது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் வலது கையை யாரோ இழுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏழு வருஷம்.

என் பெயர் சந்தியாகு. துறைமுகத்தில் சரக்குக் கொட்டகையில் வேலை. வீடு முத்தையாபுரம். அதற்கு முன்னால் சங்கு குளிக்கிற வள்ளத்தில் இருந்தேன். நான் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவன் இல்லை. கயிறு பிடிக்கிறவன். குளிக்கிறவர் என் அக்காள் பிலோமியின் மாப்பிள்ளை, மிக்கேல் மச்சான். கடற்கரைக்காரர்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடலுக்குள் இறங்குகிறவன் தன் உயிர்க்கயிற்றை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டான், மச்சினன் கையில்தான் கொடுப்பான். தன் அக்காள் தாலியை அறுக்க எவன் நினைப்பான்? அந்த நம்பிக்கைதான்.

மச்சான் கனத்துக்கு ஒரு கல்லோடு கீழே போவார். இடுப்பில் கயிறு, அதன் மறுநுனி என் கையில். நான் மாதாவுக்குச் சொல்கிற அருள் நிறை மந்திரத்தைச் சொல்லத் தொடங்குவேன். மூன்று முடிவதற்குள் கீழிருந்து ஒரு இழுப்பு வரும், உடனே தூக்கிவிடுவேன். இழுப்பு வராவிட்டாலும் நாலாவது மந்திரத்தில் தூக்கியே ஆக வேண்டும். அதுதான் எங்கள் கணக்கு.

அறுபத்தொன்பதாம் வருஷம், தவக்காலத்தில் ஒரு நாள். அன்றைக்குக் காற்று கொஞ்சம் கூடுதல். வள்ளத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு அப்போது வயது இருபத்து மூன்று. பீடி இல்லாமல் அரை மணி நேரம் இருக்க முடியாத காலம். மச்சான் இறங்கிவிட்டார். ஒரு கையால் தீக்குச்சி கிழிக்க முடியுமா? கயிற்றை வள்ளத்தின் ஓரக் கட்டையில் ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. குச்சியின்மேல் கோபம்! திரும்பி உட்கார்ந்து, சட்டையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு மூன்றாவதைக் கிழித்தேன். பற்றிக்கொண்டது. இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் மந்திரம் எத்தனையில் நிற்கிறது என்று நினைத்தேன். எத்தனையிலும் நிற்கவில்லை. நான் சொல்லவே இல்லை.

முடிச்சைக் கட்டையிலிருந்து உருவி எடுத்துத் தூக்கினேன். கனமாக வந்தார். மூக்கில் ரத்தம். கண் திறந்திருந்தது.

கரையில் எல்லாரும் கேட்டார்கள். கயிறு என் கையில்தான் இருந்தது, இழுப்பே வரவில்லை, நாலாவது மந்திரத்தில் தூக்கினேன் என்று சொன்னேன். வள்ளத்து முதலாளியிடம் சொன்னேன். பங்குச் சாமியாரிடம் சொன்னேன். அக்காளிடமும் சொன்னேன். நெஞ்சு நின்றுபோயிருக்கும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். எல்லாரும் என்னைத்தான் தேற்றினார்கள். அதைவிடக் கொடுமை எதுவும் இல்லை.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது உள்ளங்கையில் வந்தது முதல் இழுப்பு. கயிறு இழுக்கிற அதே இழுப்பு. கீழ்நோக்கி, ஒரே ஒரு தடவை. கையை உதறிவிட்டு எழுந்துவிட்டேன். அதன் பிறகு நேரம் காலம் இல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் வரும். கோயிலில் கை குவித்தால் வரும். என் மகள் பிறந்த அன்று அவள் என் விரலைப் பிடித்தாள். எல்லாப் பிள்ளையும் பிடிக்கிறதுதானே? நான் அலறிவிட்டேன். ஆஸ்பத்திரியில் தாதிமார் ஓடி வந்தார்கள். என் மனைவி ரோஸ் அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

கடலை விட்டேன். காலைக்கூட நனைக்கவில்லை. நரம்புக் கோளாறு என்று டாக்டர் ஊசி போட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குலசேகரன்பட்டினம் பக்கம் மந்திரிக்கிற ஒருவரிடம் போய்க் கையில் கறுப்புக் கயிறும் கட்டிக்கொண்டேன். அந்தக் கயிறே இழுக்கத் தொடங்கியது. பஸ்ஸிலேயே அறுத்து எறிந்தேன். ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தால் மூன்றாவது மணியோடு வாய் அடைத்துவிடும். நாலாவது மந்திரம் வரவே வராது. பாவசங்கீர்த்தனத்துக்குத் தவறாமல் போய்ச் சாமியாரிடம் பாவங்களைச் சொன்னேன். பீடி குடித்தேன் சாமி என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். எப்போது குடித்தேன் என்று சொல்லவில்லை. எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்!

மாதாவிடம் நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். தாயே, இந்த இழுப்பை என் கையிலிருந்து எடுத்துவிடு. ஏழு வருஷமும் அதையே கேட்டேன். அவள் எடுக்கவில்லை.

ஓடும்போது மட்டும் கை சும்மா இருந்தது. அதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். அதனால் தினமும் விடியற்காலையில் ஓடத் தொடங்கினேன். வேலைக்குச் சைக்கிளில் போனால் வெறி பிடித்த மாதிரி மிதிப்பேன். தொழிலாளர் விளையாட்டு விழாவில் இரண்டு வருஷம் ஓட்டத்தில் கோப்பை வாங்கினேன். பேயை விரட்ட ஓடுகிறவனுக்குக் கோப்பை கொடுக்கிறார்களே என்று ரோஸ் கேலி செய்வாள். அவளுக்குப் பாதிதான் தெரியும்.

எழுபத்தாறாம் வருஷ விழாவில் புதிதாக ஒரு பந்தயம் வைத்தார்கள். கப்பலில் வேலை பார்த்த ஒரு எஞ்சினியர் வெளிநாட்டில் கேள்விப்பட்டு வந்து சொன்னது. முதலில் கடலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், சைக்கிளை விட்டதும் ஓட்டம். மூன்றையும் மூச்சு விடாமல் ஒருவனே செய்ய வேண்டும். எங்கள் கொட்டகையில் எல்லாரும் என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். பரதவனுக்கு நீந்தவா சொல்லிக்கொடுக்க வேண்டும், கோப்பை நமக்குத்தான் என்றார்கள். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆற்றுப் பக்கத்து நெல்வயல் ஊரிலிருந்து வந்த ஒரு குமாஸ்தா, அண்ணாச்சிக்குக் கடல் பயமோ என்று கேட்டுவிட்டான். சும்மா இருப்பேனா? எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டேன். என் ரோஷம் அப்படிப்பட்டது.

ஒரு மாதம் ஓடிப் பழகினேன், மிதித்துப் பழகினேன். நீந்திப் பழகவில்லை. ரோஸ் இரண்டு தடவை கேட்டாள். கடல்காரனுக்கு எதற்கடி பழக்கம் என்று அவள் வாயை அடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசை முடிந்த பிறகு பந்தயம். பதினெட்டுப் பேர் வரிசையாக நின்றோம். அலைதடுப்புக்கு உள்பக்கம், கரையிலிருந்து தூரத்தில் ஒரு தோணியை நிறுத்தியிருந்தார்கள். அதன் நங்கூரக் கயிற்றைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். தொட்டதைப் பார்க்கத் தோணியில் இரண்டு பேர். இதை அங்கே போய் நின்ற பிறகுதான் சொன்னார்கள். கயிறு என்றதும் வரிசையை விட்டு ஒரு அடி பின்வாங்கினேன். திரும்பிப் போய்விடலாம் என்று நினைக்கும்போதே விசில் ஊதிவிட்டார்கள்.

தண்ணீர் காதில் ஏறியதும் வேறு சத்தமே இல்லை. என் மூச்சு மட்டும் கேட்டது. உடம்பு நீச்சலை மறக்கவில்லை. ஐந்தாவதோ ஆறாவதோ ஆளாகத் தோணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கயிற்றைத் தொட்டேன். அந்த நேரம் பார்த்து ஒரு அலை தோணியைத் தூக்கியது. கயிறு என் உள்ளங்கையை இழுத்தது.

நிஜமான இழுப்பு. ஏழு வருஷமாக நான் வாங்கிய அதே இழுப்பு.

என்னால் விட முடியவில்லை. விரல்கள் இறுகிவிட்டன. கயிறு பச்சைத் தண்ணீருக்குள் இறங்கிப் போகிறது. அதன் அடியில் மச்சான் இருக்கிறார் என்று எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. மற்றவர்கள் என்னை இடித்துக்கொண்டு தொட்டுத் திரும்பினார்கள். தோணியில் இருந்தவர்கள் கத்தினார்கள். எனக்கு அப்போதுதான் புத்தியில் ஏறியது. இத்தனை வருஷம் என் கையில் வந்தது, அன்றைக்கு என் கையில் வராமல் போன இழுப்பு. வர வேண்டிய இடத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தது. அதை எடுத்துவிடு என்று மாதாவிடம் நான் எப்படிக் கேட்டேன்?

கயிற்றைப் பிடித்தபடியே அழுதேன். கடலுக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்? தாயே, இழுப்பை எடுக்க வேண்டாம், எனக்கு வாயைக் கொடு என்று கேட்டேன். அவ்வளவுதான் ஜெபம். ஒரு மந்திரம் சொல்கிற நேரம்கூட இருக்காது. விரல் தானாகத் திறந்தது.

கடைசி ஆளாகக் கரையேறினேன். சைக்கிளை எப்படி மிதித்தேன், யாரைத் தாண்டினேன், ஒன்றும் நினைவில்லை. ஓட்டம் ஊருக்குள் வந்தது. வழியில் அக்காள் தெரு. நேராகப் போனால் இன்னும் ஒரு மைலில் கோப்பை. எனக்கு முன்னால் மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்று யாரோ கத்தினார்கள். நான் தெருவுக்குள் திரும்பிவிட்டேன்.

அக்காள் வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏலே, பந்தயம் அங்கன போவுது. நீ இங்கன வந்து நிக்க?"

மூச்சு வாங்கியது. அதற்குள் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"அக்கா, அன்னைக்கு நான் கயித்தப் பிடிக்கல. பீடி பத்த வைக்கக் கட்டையில கட்டிப் போட்டுட்டேன்."

அவள் மீனைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும். நீ போட்ட முடிச்ச நாந்தாம்லே அவுத்தேன்."

குளிக்கிறவனின் கயிற்றில் எங்கேயும் முடிச்சு இருக்கக் கூடாது. சிக்கினால் உயிர் போய்விடும். ஆள் இறந்தால் அந்தக் கயிற்றை வேறு யாரும் தொட மாட்டார்கள், அவன் வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள். நான் அவசரத்தில் அவிழ்க்காமல் கட்டையிலிருந்து உருவிய முடிச்சு கயிற்றிலேயே இருந்திருக்கிறது. நனைந்து இறுகிப்போய். சங்கு குளிக்கிறவர் வீட்டில் பிறந்தவளுக்கு அதைப் பார்த்தால் போதாதா? அடக்கம் நடந்த அன்றே பார்த்துவிட்டாள். ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நீ பொய் சொல்லுவ. பொறவு எனக்குத் தம்பியும் இல்லாமப் போயிருவான். நீயா வந்து சொல்லணும்னு மாதாட்ட கேட்டுக்கிட்டே கெடந்தேன்."

ஒவ்வொரு சனிக்கிழமையும் மெழுகுவர்த்தி வைத்துக் கேட்டிருக்கிறாள். அவளும் ஏழு வருஷம். ஒரே கோயிலில், ஒரே மாதா சுரூபத்தின் முன்னால் எடுத்துவிடு என்று நான் கேட்டேன், சொல்ல வை என்று அவள் கேட்டாள். மாதா யார் பக்கம் நிற்பாள்?

நான் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என்னைத் தொடவில்லை. ஒன்றுதான் கேட்டாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை.

"அவிய கயித்த இழுத்தாவளா?"

"தெரியாதுக்கா. என் கையில இல்லையே."

அப்போதுதான் அவள் அழுதாள். மச்சான் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம். அவள் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் எழுந்து கிளம்பும்போது அவள் உள்ளே போய் ஒரு துண்டை எடுத்து வந்து, தலையெல்லாம் வேர்வை, துவட்டு, சளி பிடிக்கும் என்றாள்.

சகோதரர்களே, எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். கோப்பை கிடைக்கவில்லை. கை முழுசாகச் சரியாகவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாதத்தில் ஒரு தரம், இரண்டு தரம் இன்னும் வருகிறது. வந்தால் இப்போது உதறுவதில்லை. மச்சான் பெயரைச் சொல்லி ஒரு மந்திரம் சொல்கிறேன். மறுநாளே சாமியாரிடம் முழுப் பாவத்தையும் சொன்னேன். ரோஸுக்கும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாம் நாள் சோறு போட்டாள். என் மகளை இப்போது நான்தான் கைபிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போகிறேன். ஏழு வருஷம் கொடுக்காத வாயை ஒரு நிமிஷத்தில் கொடுத்த தாய்க்கும் அவள் மகனுக்கும் நன்றி சொல்ல எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

உங்களில் யாராவது என்னைப் போல ஒன்றை எடுத்துவிடு, எடுத்துவிடு என்று கேட்டுக்கொண்டிருந்தால், கேட்கிறதை மாற்றிப் பாருங்கள். சொல்ல வேண்டியவர் வீடு தெரியும்தானே? ஈரத்தோடு போனாலும் பரவாயில்லை, போய்விடுங்கள். உங்களுக்காக அந்த வீட்டில் ஒருவர் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டிருக்கலாம்.

இதை இங்கே சொல்லலாமா என்று அக்காளிடம் நேற்றுக் கேட்டேன். சொல்லு, ஆனா நானும் வந்து உக்காந்து கேப்பேன், ஒரு வார்த்தை குறைச்சாலும் எழுந்திருவேன் என்றாள். பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருக்கிறாள். இன்னும் எழுந்திருக்கவில்லை.